அலுமாரிச் சாவியும் கருவேல முள்ளும்

கொஞ்சம் நீளமான பதிவு. விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறோம். மற்றவர்களும் வாசிக்கலாம், பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கிறார்களே.

செய்முறை பற்றிப் பேச்சு வந்தால் நம் ஆசிரியர் ஓய்வறைகளில் முதலில் கேட்கும் வசனம் "லெப் இல்லையே". லெப் உள்ள பாடசாலையில் அது "சாமான் இல்லையே" ஆகும். சாமானும் உள்ள இடத்தில் "சிலபஸ் முடிக்கணுமே". சில இடங்களில் சாமான் அலுமாரிக்குள் இருக்கும், சாவி எங்கே என்பது யாருக்கும் தெரியாது. உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற பயம் வேறு. இந்த வசனங்கள் எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது, மறுக்க வரவில்லை. ஆனால் செய்து காட்டிக் கற்பிக்கும் முறையின் வரலாற்றைப் புரட்டினால், அதன் சிறந்த பக்கங்கள் பலவற்றை எழுதியவர்கள் நம்மைவிடக் குறைவாக வைத்திருந்தவர்கள்தான் என்று தெரிகிறது.

1945இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பாடசாலைகள் இடிந்து கிடந்தன. கட்டடம் மிஞ்சிய இடங்களிலும் ஆய்வுகூடம் மிஞ்சவில்லை. அப்போதுதான் பிறந்திருந்த யுனெஸ்கோவின் முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றது. ஒரு சோதனைக் குழாய்கூட இல்லாத ஆசிரியர் எதை வைத்து விஞ்ஞானம் கற்பிப்பார்? அதற்குப் பதில் எழுதியவர் ஜே. பி. ஸ்டீவன்சன். 'சிட்டி ஒஃப் லண்டன் ஸ்கூல்' என்ற பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்த, நம்மைப் போன்ற ஒரு வகுப்பறை ஆசிரியர். 1948இல் வந்த அவருடைய சிறிய புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொல்வதானால் 'பாழடைந்த நாடுகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்குச் சில யோசனைகள்'. தராசு இல்லையென்றால் செய்துகொள்ளுங்கள், மதுசார விளக்கு இல்லையென்றால் மைப் போத்தலில் திரி போடுங்கள், வில்லை இல்லையென்றால் ஒரு துளி நீரை எடுங்கள். இப்படிப் போகும் வழி அது.

அதன் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். குண்டு விழுந்த நாடுகளுக்காக எழுதிய புத்தகத்துக்குப் பெரிய வரவேற்பு கிடைத்தது, ஒருபோதும் ஆய்வுகூடமே இருந்திராத நாடுகளில். இடிந்துபோன லெப்பும் கட்டப்படாத லெப்பும் ஆசிரியருக்கு ஒன்றுதானே! யுனெஸ்கோ அதை விரித்து 1956இல் விஞ்ஞானக் கற்பித்தலுக்கான மூலநூலாக வெளியிட்டது. அது பல மொழிகளுக்குப் போனது. 1973இல் புதிய பதிப்பும் வந்தது. இலங்கை யுனெஸ்கோவில் சேர்ந்தது 1949இல், அதாவது அந்த முதல் சிறு புத்தகத்துக்கு அடுத்த ஆண்டு.

'பாழடைந்த நாடுகள்' என்ற சொல்லை நாம் சும்மா கடந்து போக முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களின் பிள்ளைகள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் படித்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் தின்ற பாடசாலைகள் எத்தனை. 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் கரையோரப் பாடசாலைகளுக்குள் வந்து போனது. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். ஸ்டீவன்சன் நம்மை நினைத்து எழுதவில்லைதான். ஆனால் அவர் எழுதிய நிலைமை நமக்கு நன்றாகத் தெரிந்த நிலைமை.

இனி இன்னும் பின்னுக்குப் போவோம்.

முஸ்லிம் விஞ்ஞானிகள் பற்றிய பதிவுகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. பெயர், பிறந்த ஆண்டு, "ஐரோப்பா இருளில் இருந்தபோது" என்று ஒரு வசனம், கீழே ஆயிரம் மாஷா அல்லாஹ். அந்த மனிதர் உண்மையில் என்ன செய்தார் என்று கேட்டால் பதிவு அங்கேயே நின்றுவிடும். பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் இப்னுல் ஹைதமை மதிக்க அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அவர் செய்த பரிசோதனையைத் தரம் 8 பிள்ளைகள் செய்யட்டும். செலவு ஒரு சதமும் இல்லை.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவர், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒளியியல் பற்றி 'கிதாபுல் மனாழிர்' எழுதினார். 2015ஐ சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது நினைவுகூரப்பட்டவற்றில் இந்த நூலின் ஆயிரம் ஆண்டு நிறைவும் ஒன்று. அதில் ஒரு பரிசோதனை இது. இருட்டறைக்குள் திறக்கும் ஒரு சிறு துளைக்கு முன்னால் பல விளக்குகளைத் தள்ளித் தள்ளி வைக்கிறார். அறையின் சுவரில், விளக்குக்கு ஒன்றாக ஒளிப் புள்ளிகள் விழுகின்றன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைகிறது. திறந்தால் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. எல்லா ஒளியும் ஒரே துளைக்குள்ளால்தான் போகிறது, ஆனாலும் ஒன்றோடொன்று கலந்து குழம்பவில்லை. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பதைக் கரும்பலகையில் ஒரு வரியாக எழுதிவிடலாம். ஆனால் மூன்று கைத்தொலைபேசி டோர்ச்சும் துளையிட்ட ஒரு மட்டையும் கொண்டு இதைச் செய்யும்போது, இடப்பக்க டோர்ச்சை மூடினால் எந்தப் புள்ளி மறையும் என்று முதலில் கேளுங்கள். வகுப்பில் பாதிப் பேர் இடப்பக்கம் என்பார்கள். மறைவது வலப்பக்கப் புள்ளி. அந்த ஒரு நொடி ஆச்சரியத்தை எந்தப் பாடக்குறிப்பும் தராது.

அவருக்குப் பின் ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து, பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்பாரிஸி வானவில்லைப் பிடிக்கப் பார்த்தார். மழைத்துளி மிகச் சிறியது, விழுந்துகொண்டும் இருக்கும். அதற்குள் ஒளி என்ன செய்கிறது என்று எப்படிப் பார்ப்பது? அவர் ஒரு கண்ணாடிக் கோளத்தில் நீரை நிரப்பி அதையே பெரிய மழைத்துளியாக வைத்துக்கொண்டார். ஒளி உள்ளே புகும்போது முறிந்து, பின்சுவரில் தெறித்து, வெளியேறும்போது மறுபடி முறிவதைப் பின்தொடர்ந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் தியோடோரிக் என்ற பாதிரியாரும், இவரை அறியாமலே, இதே வழியில் இதே விளக்கத்துக்கு வந்தார். பிடிக்க முடியாத ஒன்றுக்குப் பிடிக்கக்கூடிய மாதிரி ஒன்றைச் செய்து பார்ப்பது என்பதுதான் இதில் நமக்குள்ள பாடம். நம் லெப் அலுமாரியில் உருண்டை அடிக் குடுவை ஒன்று கட்டாயம் இருக்கும், சாவி கிடைத்தால்.

இங்கிலாந்துப் பக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம். லண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூஷனில் 1825இல் சிறுவர்களுக்கான நத்தார் விரிவுரைகள் தொடங்கின. கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் பயிலுநராக இருந்த மைக்கல் பரடே அவற்றில் 19 தொடர்களை நடத்தினார். ஒரே ஒரு மெழுகுதிரியை வைத்து ஒரு தொடர் முழுக்கப் பேசியவர் அவர். இது ஆசிரியர் செய்ய, பிள்ளைகள் பார்க்கும் மரபு. அந்த நூற்றாண்டின் இறுதியில் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் என்ற இரசாயனவியலாளர் இதைப் போதாது என்றார். பிள்ளை தானே செய்து தானே கண்டுபிடிக்க வேண்டும், ஆசிரியர் விடையைச் சொல்லவே கூடாது என்பது அவர் கட்சி. நேரம் போதாது என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். இந்தச் சண்டை இன்றும் முடியவில்லை. நம் அபிப்பிராயம் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. 45 பிள்ளைகள், 40 நிமிடம், அமிலம் சம்பந்தப்பட்ட வேலை என்றால் ஆசிரியர் செய்து காட்டுவதே புத்தி. நிழலை அளப்பதற்கும் விதையைப் பிளப்பதற்கும் ஆசிரியரின் கை தேவையே இல்லை.

மெழுகுதிரி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தட்டில் நீர், நடுவில் எரியும் மெழுகுதிரி, மேலே கவிழ்த்த கண்ணாடிக் குவளை. சுடர் அணைகிறது, நீர் உள்ளே ஏறுகிறது. "ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது, எரிந்துபோன ஒட்சிசன் அதுதான்" என்று முடிப்பது உலகம் முழுக்க நடக்கும் பாடம். இந்தக் காட்சி புதிதும் இல்லை. கிரேக்க நாட்டு பைலோ இதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்த விளக்கம் பிழை. குவளைக்குள் ஒட்சிசன் கணிசமாக மிஞ்சியிருக்கும்போதே சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்த பங்கிலும் ஒரு பகுதி காபனீரொட்சைட்டாகி உள்ளேயே இருக்கிறது. நீர் ஏறுவதற்கு முக்கிய காரணம், சுடரால் சூடாகி விரிந்த வளி, சுடர் அணைந்தபின் குளிர்ந்து அதன் அமுக்கம் குறைவதுதான்.

நம்பாவிட்டால் பிள்ளைகளிடமே விடுங்கள். நீர் எப்போது ஏறுகிறது என்று உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். சுடர் எரியும் நேரம் முழுக்க மெல்ல மெல்ல ஏறாமல், அணையும் தறுவாயிலும் அணைந்த பிறகும்தான் அதிகமாக ஏறும். பிறகு ஒரு மெழுகுதிரிக்குப் பதில் நான்கை ஏற்றி அதே குவளையால் மூடுங்கள். குவளையில் உள்ள ஒட்சிசன் முன்பிருந்த அளவுதான், ஆனால் நீர் முன்னைவிட உயரமாக ஏறும். ஐந்தில் ஒரு பங்கை நேர்மையாகக் காட்ட விரும்பினால் சட்டி தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளை எடுங்கள். துருப்பிடிக்கும் வகையாக இருக்க வேண்டும், துருவேறாத வகை சரிவராது. வினாகிரியில் கழுவி, ஈரத்தோடு ஒரு நீண்ட குழாயின் அடியில் செருகி, நீரில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். இரும்பு துருப்பிடிக்கப் பிடிக்க, சில நாட்களில் நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குவரை வந்து நிற்கும். இங்கே சுடரும் இல்லை, சூடும் இல்லை. செய்து காட்டினால் மட்டும் போதாது, செய்து காட்டியதைக் கேள்வி கேட்கவும் விட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

இப்போது 1972க்கு வருவோம். அந்த ஆண்டு இரண்டு இடங்களில் இரண்டு காரியங்கள் தொடங்கின. ஒன்று இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், மற்றது நம் நாட்டில்.

1957இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை அனுப்பியதும் மேற்கு நாடுகள் தங்கள் விஞ்ஞானப் பாடத்தைத் திருத்துவதில் வேகம் காட்டின. பிரித்தானியாவில் நபீல்ட் திட்டம் 1962இல் வந்தது. பிள்ளை செய்து அறியட்டும் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. ஆனால் அந்தத் திட்டங்கள் நல்ல லெப் உள்ள நாடுகளில் உருவானவை. அதைச் சேற்றுப் பாதையில் நடந்து போய்ச் சேரும் ஒரு கிராமப் பாடசாலையில் செய்ய முடியுமா?

மத்தியப் பிரதேசத்தில் நர்மதை நதியோரம் ஹோஷங்காபாத் என்றொரு மாவட்டம். இன்று அதன் பெயரை நர்மதாபுரம் என்று மாற்றிவிட்டார்கள். அங்கே கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் ரூரல் சென்ரர் என்ற இரண்டு சிறு அமைப்புகள் அரசின் அனுமதியோடு 16 நடுநிலைப் பாடசாலைகளில் 6ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரையான விஞ்ஞானப் பாடத்தை மாற்றும் வேலையைத் தொடங்கின. கிஷோர் பாரதியை நடத்திய அனில் சத்கோபால், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவகத்தில் மூலக்கூற்று உயிரியல் பணியை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தவர். அந்த நிறுவகத்தின் விஞ்ஞானிகளும் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் விடுமுறைகளில் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து பரிசோதனைகளைச் செய்து பார்த்தார்கள். பிழைத்தவற்றைத் தூக்கி எறிந்தார்கள். பாடசாலை ஆசிரியர் "இது என் வகுப்பில் சரிவராது" என்றால் பேராசிரியர் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பிள்ளைகள் நான்கு நான்கு பேராகக் குழுவில் இருந்து செய்தார்கள். 'பால் வைக்யானிக்' என்று அவர்களின் புத்தகத்துக்குப் பெயர், 'சின்ன விஞ்ஞானி' என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் புத்தகத்தில் விடைகள் இல்லை! என்ன செய்ய வேண்டும் என்று இருக்கும், என்ன பார்த்தாய் என்ற கேள்வி இருக்கும். விடையைப் பிள்ளை தன் கொப்பியில் தானே எழுத வேண்டும். மனப்பாடம் செய்ய அதில் எதுவும் இல்லை.

பூவைப் பிளந்து பார்க்க ஊசி வேண்டும். பெட்டியில் அனுப்பிய ஊசிகள் துருப்பிடிக்கும், தொலையும், மறுபடி கேட்டு எழுதினால் வருவதற்கு மாதங்கள் ஆகும். பாடசாலையைச் சுற்றி இருந்ததோ கருவேல மரம். அதன் முள்ளே போதும் என்றாகிவிட்டது. நீளமானது, கூரானது, ஒன்று முறிந்தால் மரத்தில் இன்னும் ஆயிரம். நம் மன்னார்ப் பக்கத்து உடை முள்ளும் அதே குடும்பம்தான். உபகரணம் வரவில்லை என்று வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கும்போது, சன்னலுக்கு வெளியே ஒரு முறை பார்ப்பதில் நட்டமில்லை.

1978இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. அதே ஆண்டில்தான் அரவிந்த் குப்தா அங்கு வந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, லொறி செய்யும் கம்பனியில் வேலை பார்த்த பொறியியலாளர், லீவு எடுத்துக்கொண்டு வந்தவர். கிராமச் சந்தையில் மலிவாகக் கிடைத்த சைக்கிள் வால்வு ரியூப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, அதன் இரு முனைகளிலும் தீக்குச்சியைச் செருகினார். இரண்டு குச்சி ஒரு கோணம் ஆனது. மூன்று முக்கோணி, நான்கு சதுரம். சதுரத்தை விரலால் தள்ளினால் சரிந்து சாய்சதுரமாகும், முக்கோணி அசையாது. பாலத்திலும் கூரைத் தீராந்தியிலும் ஏன் முக்கோணிகள் இருக்கின்றன என்பதை அதன்பிறகு விளக்கத் தேவையில்லை, பிள்ளைகளே சொல்வார்கள். தரம் 7 கேத்திரகணிதத்துக்கு இதைவிட மலிவான சாதனம் கிடைக்காது. பிறகு குப்பையிலிருந்து விளையாட்டுச் சாமான் செய்வதையே வாழ்நாள் வேலையாக்கிக் கொண்ட அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

1982இல் இந்த வேலையை முன்னெடுக்க ஏகலவ்யா என்ற நிறுவனம் உருவானது. பிள்ளைகள் மனதில் எழும் கேள்விகளை எழுதி அனுப்ப 'சவாலிராம்' என்ற கற்பனைப் பாத்திரம் ஒன்றும் இருந்தது. கடிதம் வந்தால் பதில் போகும்.

ஆனால் ஹோஷங்காபாத்தின் உண்மையான துணிச்சல் முள்ளிலும் தீக்குச்சியிலும் இல்லை, பரீட்சையில் இருந்தது என்பது எங்கள் எண்ணம். அவர்கள் பரீட்சையையும் மாற்றினார்கள். எழுத்துப் பரீட்சைக்குப் பிள்ளை தன் புத்தகத்தையும் கொப்பியையும் கொண்டுபோகலாம். அதோடு செய்முறைப் பரீட்சையும் உண்டு. கையில் ஒரு பொருளைக் கொடுத்து, செய்து பார்த்துச் சொல் என்பார்கள். புத்தகம் திறந்திருக்கும் பரீட்சையில் "ஒளித்தொகுப்பை வரைவிலக்கணப்படுத்துக" என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஆகவே கேள்வி மாறியது, கேள்வி மாறியதால் வகுப்பறையும் மாறியது.

மூன்று தசாப்தங்கள் நடந்த திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. மேல் வகுப்புப் பொதுப் பரீட்சையில் பெறுபேறு போதாது என்ற குற்றச்சாட்டும், மாவட்டத்துக்கு மாவட்டம் பாடம் வேறாக இருக்கக் கூடாது என்ற வாதமும் சொல்லப்பட்டன. விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எதிர்த்தும் பயனில்லை.

அதே 1972இல் இங்கே என்ன நடந்தது? முந்திய ஆண்டின் இளைஞர் கிளர்ச்சி நாட்டை உலுக்கியிருந்தது. படித்தும் வேலையில்லாத பிள்ளைகளைப் பற்றி அரசு கவலைப்படத் தொடங்கியிருந்தது. கல்வி அமைச்சர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத், கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்தவர். நம் சமூகத்தில் அவர் பெயரைச் சொன்னால் முஸ்லிம் பாடசாலைகளும் ஆசிரியர் நியமனங்களும் நினைவுக்கு வரும். தமிழ்ச் சகோதரர்களிடம் சொன்னால் தரப்படுத்தலும் அது பறித்த பல்கலைக்கழக இடங்களும் நினைவுக்கு வரும். இரண்டும் நடந்தவை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது. ஆனால் அவர் காலத்துப் பாடவிதானத்தைப் பற்றி இரு தரப்பாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அதற்கு முன் பல கிராமப் பாடசாலைகளில் விஞ்ஞானம் என்ற பாடமே கிடையாது. அது நகரத்துப் பெரிய கல்லூரிகளின் சொத்து. 1972 சீர்திருத்தம் தரம் 6 முதல் 9 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றிணைந்த விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் கட்டாயமாக்கியது. பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்ற வேலிகள் இல்லை. சுற்றாடலில் இருந்து தொடங்கி, செய்து அறிய வேண்டும். ஊர்த் தொழில்களை ஒட்டித் தொழில் முன்னிலைப் பாடமும் வந்தது. சாதாரண தரத்துக்குப் பதில் புதிய பரீட்சை ஒன்று, பெரியவர்கள் இன்றும் 'என்.சி.ஜி.ஈ.' என்று சொல்வார்களே அதுதான், 1975இல் முதன்முதல் நடந்தது.

எண்ணம் பெரியது, கை சிறியது. ஒரே நேரத்தில் நாட்டின் எல்லாப் பாடசாலைகளுக்கும் போதிய விஞ்ஞான ஆசிரியர்கள் இல்லை, லெப்களும் இல்லை. ஹோஷங்காபாத் 16 பாடசாலைகளில் தொடங்கி ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் மாவட்டத்துக்குப் போனது. நாம் ஒரேயடியாக நாடு முழுக்கப் போனோம். 1977இல் ஆட்சி மாறியது, புதிய பரீட்சை போனது, க.பொ.த. சாதாரண தரம் திரும்பி வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு பாடவிதானத்தை எடைபோட முடியுமா என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. ஒன்று மட்டும் மிஞ்சியது. விஞ்ஞானம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்ற நிலை. இன்று எந்த ஊர்ப் பெண்பிள்ளையும் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் எழுதுகிறாள் என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது.

2007இல் ஐந்து 'ஈ' முறையோடு தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தது. ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால் ஈடுபடுத்தல், கண்டறிதல் என்று எல்லாம் செயற்பாடுதான். ஆனால் சாதாரண தர விஞ்ஞானத்துக்குச் செய்முறைப் பரீட்சை கிடையாது. பரிசோதனை வினாத்தாளில் ஒரு படமாக வரும். படத்தை ரியூசன் வகுப்பில் பத்துத் தடவை வரைந்த பிள்ளை, ஒருநாளும் அதைத் தொடாமலே முழுப் புள்ளியும் எடுக்கும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஆசிரியரையும் அதிகம் குறை சொல்ல முடியாது, பெறுபேறு வந்ததும் அவரிடம் கேட்கப்படுவது சித்தி வீதம் மட்டும்தான். உயர்தரத்துக்குப் போய் முதல்முறை அளவியை நிரப்பும்போதுதான் கை நடுங்கும்.

கணித ஆசிரியர்கள் "இதெல்லாம் விஞ்ஞானக்காரர் வேலை" என்று நழுவ வேண்டாம். அல்பிரூனி பூமியின் ஆரையை அளந்த கதை உங்களுடையது. இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் நந்தனா என்ற கோட்டைக்கு அருகில் ஒரு மலை. முதலில் அதன் உயரத்தைக் கணித்தார். பிறகு உச்சியில் ஏறி, அடிவானம் கிடைக்கோட்டிலிருந்து எவ்வளவு கீழே தெரிகிறது என்று அளந்தார். கிடைத்த இறக்கக் கோணம் 34 நிமிடம், அதாவது ஒரு பாகையிலும் குறைவு. ஒரு மலை, ஒரு கோணம், ஒரு செங்கோண முக்கோணி, பூமியின் ஆரை. பாகைமானி, நூல், ஒரு கல், ஒரு ஸ்ட்ரோ இருந்தால் நம் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிவாசல் மினாராவின் உயரத்தை அளக்கலாம். ஐந்து குழுக்களும் ஐந்து விடையோடு வரும். யார் சரி என்ற சண்டையில்தான் வழுவும் சராசரியும் புரியும்.

இதைவிட எளிதானதும் உண்டு. பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் கணிக்கவென்றே 'முவக்கித்' என்ற பதவி இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்க் உமையா பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர் பெரும் வானியலாளர், அந்தப் பள்ளிவாசலுக்கு நிழற்கடிகாரம் செய்தவர். நம் ஷாபி மத்ஹபின்படி ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக, அதன் உயரத்துக்குச் சமமானதும் அஸர் நேரம் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் இரு வாரங்களிலும், ஓகஸ்ட் கடைசி முதல் செப்டெம்பர் முதல் வாரம் வரையும் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும். அந்த நாட்களில் மைதானத்தில் ஒரு தும்புத்தடிக் கம்பை நிமிர்த்தி நட்டால் நண்பகலில் நிழலே இல்லாமல் போகும். அப்படியானால் நிழலும் கம்பும் சமமாகும் நேரத்தில் சூரியனின் ஏற்றக் கோணம் என்ன? தான்சன் பெறுமானம் 1, கோணம் 45 பாகை. பிற்பகலில் அளந்து குறித்து, பள்ளிவாசல் நேர அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். திரிகோண கணிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளை அன்றைக்குக் கேட்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1972க்கும் 1977க்கும் இடையில் ஒன்றிணைந்த விஞ்ஞானம் கற்பித்த சேர்மாரும் டீச்சர்மாரும் இன்னும் சிலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டிவிட்டார்கள். லெப் இல்லாமல் அந்தப் பாடத்தை எப்படி நடத்தினார்கள், எதை எதற்குப் பதிலாகப் பாவித்தார்கள், எது சரிவந்தது, எது வரவில்லை என்று போய்க் கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள். ஹோஷங்காபாத் ஆசிரியர்கள் செய்ததைப் பற்றிப் புத்தகங்களே இருக்கின்றன. நம்மவர்கள் செய்தது அவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.